கேள்வி – பதில்: ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு வெதுவெதுப்பான ஏரி

ஆல்ப்ஸ் மலை ஏரிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ஆஸ்திரியாவின் தென்பகுதியான கரிந்தியா மாநிலத்தில் உள்ள வோர்தர்ஸே என்னும் ஏரி கோடையில் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றியே நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன.

ஆல்ப்ஸ் ஏரி என்றால் பனி உருகி வந்த குளிர்நீர்தானே? வோர்தர்ஸேயின் அடியில் வெந்நீர் ஊற்று ஏதேனும் இருக்கிறதா?
— வாசகர், திருநெல்வேலி

இல்லை. இந்த ஐயம் எழுவது இயல்புதான். ஏரிக்கு மேற்கே உள்ள ஃபில்லாக் நகரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் இந்த ஏரியின் வெதுவெதுப்புக்கும் தொடர்பு கிடையாது. வோர்தர்ஸேயைச் சூடாக்குவது வெயில்தான். அந்தச் சூடு கலைந்து போகாமல் தங்குவதற்கு ஏற்ற இடத்தில் ஏரி அமைந்திருக்கிறது என்பதே அதன் சிறப்பு.

ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 440 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தெற்கே கராவாங்கன் மலைத்தொடரும் வடக்கே குர்க்டால் ஆல்ப்ஸ் மலைகளும் காவலாக நிற்பதால், நீர்ப்பரப்பைப் புரட்டிப் போடக்கூடிய பலத்த காற்று இங்கே அபூர்வம். பனியுகத்தில் டிராவ் பனியாறு தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில்தான் இந்த ஏரி உருவாயிற்று. ஆனால் இன்று மலைப்பனி உருகிய நீரைச் சுமந்து வரும் டிராவ் ஆறு, இடையில் உள்ள குன்றுகளுக்குத் தெற்கே வேறொரு பள்ளத்தாக்கின் வழியாகப் போய்விடுகிறது. ஏரிக்குள் வந்து சேர்பவை சின்னஞ்சிறு ஓடைகள் மட்டுமே. சுமார் 16 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்திலும் 2 கிலோமீட்டருக்குக் குறைந்த அகலமும், 85 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த ஏரியின் நீர் முழுவதும் ஒருமுறை மாறுவதற்குப் பத்தாண்டுகள் அளவுக்கு ஆகிறது என்றால், அந்த ஓடைகள் எவ்வளவு சிறியவை என்பது விளங்கும். குளிர்ந்த ஆறு ஒன்று உள்ளே பாயாததும், உள்ளே இருக்கும் நீரைக் காற்று கலக்காததும் சேர்ந்துதான் இதை நீச்சல் ஏரியாக்கின.

மேல்நீர் அவ்வளவு சூடாக இருந்தால் 85 மீட்டர் ஆழத்திலும் அப்படித்தான் இருக்குமா?
— வாசகி, புதுச்சேரி

இருக்காது. கோடையில் மேலே உள்ள சில மீட்டர்தான் வெதுவெதுப்பான நீர். அதற்குக் கீழே வெப்பம் சட்டெனக் குறைந்துவிடும். ஆகஸ்ட் மாதத்திலும் 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் அங்கே குளிர்காலம்தான்.

உங்கள் கேள்வி இந்த ஏரியின் மிகச் சுவையான பகுதியைத் தொடுகிறது. நீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தியோடு இருக்கும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். குளிர்நாட்டு ஏரிகளில் இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அடிநீரின் அடர்த்தியை நெருங்கும்போது, காற்று வீசி மேலும் கீழும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தக் கலப்பின்போதுதான் ஆக்ஸிஜன் ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது. வோர்தர்ஸேயில் காற்றுக்கு அந்த வலிமை இல்லாததால், கலப்பு பாதி ஆழத்தைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள நீர் ஆண்டுக்கணக்கில் மேலே வருவதில்லை. அங்கே ஆக்ஸிஜனும் இல்லை, மீன்களும் இல்லை.

கரிந்தியாவின் ஏரிகளை ஆராய்ந்த இங்கோ ஃபிண்டனெக் என்ற ஆஸ்திரிய ஏரியியல் அறிஞர், இப்படிப் பகுதி ஆழம்வரை மட்டும் கலக்கும் ஏரிகளைத் தனி வகையாகப் பிரித்து, 1935-இல் ‘மெரோமிக்டிக்’ என்று பெயரிட்டார். இன்று உலகின் எந்த மூலையில் இத்தகைய ஏரியைக் கண்டாலும் அறிவியலாளர்கள் பயன்படுத்துவது அந்தச் சொல்லைத்தான். சுற்றுலாக் கையேடுகள் ஏரியின் நீலப்பச்சை நிறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஏரியில் நீர் இரத்தச் சிவப்பாக மாறியதாகப் படித்தேன். உண்மையா?
— வாசகர், ஈரோடு

உண்மைதான், ஆனால் இரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளாங்க்டோத்ரிக்ஸ் ரூபெசென்ஸ் என்னும் நீலப்பச்சை வகைப் பாசி ஒன்றின் உடலில் சிவப்பு நிறமி இருக்கிறது. மங்கிய ஒளியிலும் வாழக்கூடிய அந்தப் பாசி, கோடை முழுவதும் சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் இடைப்பட்ட அடுக்கில் கண்ணில் படாமல் பெருகும். குளிர்காலத்தில் நீர் கலக்கும்போது மேலே வந்து சிவப்புப் படலமாக மிதக்கும். சுவிட்சர்லாந்தின் மூர்ட்டன் ஏரிக்கரையில் 1476-இல் பர்கண்டிப் படை தோற்று அழிந்தது. அந்த ஏரியில் பாசி சிவந்தபோது, அன்று மாண்ட வீரர்களின் குருதி மேலே வருகிறது என்று ஊரார் நம்பினர். அதனால் ‘பர்கண்டி இரத்தப் பாசி’ என்ற பெயர் ஆல்ப்ஸ் பகுதி முழுவதும் பரவிவிட்டது.

வோர்தர்ஸேயில் பாசி பெருகியதற்குப் போர் எதுவும் காரணமல்ல, கழிவுநீர்தான் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரையோர விடுதிகள் பெருகின; அவற்றின் கழிவுநீர், பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸை ஏரியில் கொண்டுவந்து கொட்டியது. நீர் மாறப் பத்தாண்டுகள் ஆகும் ஏரியில் கழிவைக் கலந்தால், அது போகும் இடமின்றி அங்கேயே தங்கும் அல்லவா? விருந்தினரைக் கூட்டி வந்த அதே அசைவின்மை, 1960-களில் ஏரிக்கு வினையாகவும் முடிந்தது. கரையைச் சுற்றிக் குழாய் பதித்து, கழிவுநீர் ஒரு சொட்டும் ஏரிக்குள் இறங்காதபடி வெளியே கொண்டுபோய்ச் சுத்திகரிக்கத் தொடங்கிய பிறகுதான் நீர் தெளிந்தது. அந்தப் பாசி இன்றும் ஏரியில் இருக்கிறது. தொல்லை தரும் அளவுக்கு இல்லை.

விடுதிகள் வருவதற்கு முன் அங்கே மக்கள் வாழ்ந்தார்களா?
— வாசகி, யாழ்ப்பாணம்

வாழ்ந்தார்கள், அதுவும் மிகப் பழங்காலத்திலிருந்து. சற்றுத் தெற்கே உள்ள சிறிய கொய்ட்சாக் ஏரியில் புதிய கற்கால மக்கள் நீருக்குள் மரக்கால்களை நட்டு வீடு கட்டியிருந்தனர். அவற்றின் எச்சங்கள் 1864-இல் கண்டுபிடிக்கப்பட்டன. ஆல்ப்ஸ் பகுதியின் தூண்வீட்டுக் குடியிருப்புகள் 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டபோது அதுவும் இடம்பெற்றது.

வோர்தர்ஸேயின் தென்கரையில் உள்ள மரியா வோர்த், ஒன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஃபிரைசிங் நகர ஆயர்கள் அங்கே வாழ்ந்த ஸ்லாவ் மக்களைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவருவதற்காகத் தேவாலயம் எழுப்பிய இடம். அன்று அது தீவு. நீர்மட்டம் தாழ்ந்தபின் தீபகற்பமாயிற்று. அந்த ஸ்லாவ் மக்களின் மொழிவழி வந்த ஸ்லோவேனியம் கரிந்தியாவின் தென்பகுதியில் இன்றும் பேசப்படுகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு, இந்த நிலம் ஆஸ்திரியாவுக்கா யூகோஸ்லாவியாவுக்கா என்று 1920 அக்டோபர் 10-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தபோது, வாக்கெடுப்புக்காக நிலத்தை வடக்கு, தெற்கு என இரு மண்டலங்களாகப் பிரித்த கோடு இந்த ஏரியின் நடுவாகவே போயிற்று. வாக்களித்த தெற்கு மண்டலத்தில் 59 விழுக்காட்டினர் ஆஸ்திரியாவைத் தேர்ந்தெடுத்தனர். ஸ்லோவேனியம் பேசியவர்களிலும் பலர் அப்படி வாக்களித்தனர் என்பது, மொழியை மட்டும் வைத்து எல்லையைக் கணித்தவர்கள் எதிர்பாராதது.

பிராம்ஸ், மாலர், பெர்க் ஆகிய மூன்று இசையமைப்பாளர்களும் இந்த ஏரிக்கரையில் எழுதியது தற்செயலா?
— வாசகர், சென்னை

ஏரியின் அழகு அவர்களை ஈர்த்தது என்பதே வழக்கமான பதில். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 1864-இல் ரயில் பாதை ஏரியின் வடகரை வழியாக ஃபில்லாக் வரை நீண்டது. வியன்னாவாசிகள் கோடையைக் கழிக்க இங்கே வருவது அதனால்தான் கைகூடிற்று. ஜோஹன்னஸ் பிராம்ஸ் 1877, 1878, 1879 ஆகிய மூன்று கோடைகளை வடகரையில் உள்ள பொர்ட்சாக்கில் கழித்தார். இரண்டாம் சிம்பொனி, வயலின் கான்செர்ட்டோ, முதல் வயலின் சொனாட்டா ஆகியவை அங்கே உருப்பெற்றன. இங்கே மெட்டுகள் அத்தனை மிகுதியாகப் பறப்பதால், மிதித்துவிடாமல் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது என்று அவர் நண்பருக்கு எழுதினார்.

குஸ்டாவ் மாலர் வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநர். பருவம் முழுவதும் பிறருடைய இசையை நடத்தியவருக்குச் சொந்த இசை எழுதக் கோடை விடுமுறை மட்டுமே மிஞ்சியது. தென்கரையில் மையர்நிக்கில் வீடு கட்டி, அதற்குமேல் காட்டுக்குள் ஒற்றை அறை ஒன்றையும் அமைத்துக்கொண்டு, 1900 முதல் அங்கே எழுதினார். நான்காம் சிம்பொனி அங்கே முடிந்தது. ஐந்து முதல் எட்டு வரையிலான சிம்பொனிகளும் அந்தக் கோடைகளில் பிறந்தவையே. ஏழாம் சிம்பொனிக்குத் தொடக்கம் கிடைக்காமல் தவித்தபோது, எதிர்க்கரையில் கிரும்பென்டார்ஃபில் படகேறியதும், துடுப்பின் முதல் வீச்சிலேயே அது கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அழகுக் கட்சிக்கு இதை விட்டுக்கொடுக்கிறேன். 1907-இல் அந்த வீட்டில் அவருடைய மூத்த மகள் நோயில் இறந்தாள். மாலர் குடும்பம் மீண்டும் அங்கே கோடையைக் கழிக்கவில்லை.

மாலரின் மனைவி ஆல்மா பின்னர் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸை மணந்தார். அவர்களுடைய மகள் மானன் 1935-இல் 18 வயதில் இறந்தபோது, தென்கரையில் பொர்ட்சாக்குக்கு ஏறத்தாழ எதிரே வீடு வாங்கியிருந்த ஆல்பன் பெர்க், ‘ஒரு தேவதையின் நினைவுக்கு’ என்று தன் வயலின் கான்செர்ட்டோவை அங்கே எழுதி முடித்தார். அதற்குள் கரிந்திய நாட்டுப்பாடல் ஒன்றின் மெட்டையும் வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவரும் காலமானார்.

எந்த மாதம் போனால் நீந்தலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. கரையின் பெரும்பகுதி தனியார் வசம் இருப்பதால், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கிளாகன்ஃபுர்ட் நகரின் பொதுக் குளியல் கரை மிகப் பெரியது, அங்கே போவது எளிது. 1909-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட தாலியா என்னும் நீராவிக் கப்பல் இன்னும் ஏரியில் ஓடுகிறது. மேலிருந்து பார்க்க விரும்பினால், தென்கரைக் குன்றான பிரமிடென்கோகல் மேல் 2013-இல் திறக்கப்பட்ட 100 மீட்டர் உயர மரக்கோபுரத்தில் ஏறலாம். இறங்குவதற்கு மின்தூக்கியைத் தவிர, சறுக்குக் குழாயும் வைத்திருக்கிறார்கள்.