பி.எஃப். பணத்தில் மாடி கட்ட வேண்டாம்

கேள்வி: சென்னை பெருங்குடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 6 ஆண்டு 4 மாதமாக வேலை பார்க்கிறேன். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய். போன ஆண்டு திருமணம் ஆனது. கணவர் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கூடம் நடத்துகிறார். தறியை விட்டுவிட்டு அவரால் சென்னைக்கு வர இயலாது. நான்தான் பொதிகை எக்ஸ்பிரஸில் போய் வருகிறேன். இனி அங்கேயே சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்திருக்கிறோம். நோட்டீஸ் காலம் 3 மாதம்; அதற்குரிய பணத்தைக் கட்டிவிட்டு உடனே கிளம்பலாமா? என் பி.எஃப். பணம் சுமார் 4 லட்சத்தை எடுத்து, நகையையும் அடகு வைத்து, மாமனார் வீட்டின் மேல் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். குழந்தைப்பேற்றையும் இனிமேல்தான் யோசிக்க வேண்டும். எதை முதலில் செய்வது?
வாசகி, சென்னை

பதில்: நீங்கள் போவது சரியான முடிவுதான், சகோதரி. ரயிலிலேயே குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் கையில் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் கரைத்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேலையை விடும் யோசனை அல்ல, அந்த மாடிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் நிலத்தில், அவர் சுவரின் மேல் நீங்கள் எழுப்பும் மாடியில், பத்திரத்தில் பெயர் ஏறாதவரை உங்களுக்கு உரிமை என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. அந்த வீடு மாமனார் தாமே சம்பாதித்தது என்றும், அவர் உயில் எழுதாமல் காலமாகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சம பங்கு. மாமியாரும் ஒரு நாத்தனாரும் இருந்தால் உங்கள் கணவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்று. உங்கள் பணத்தில் எழுந்த மாடியும் அந்த மூன்று பங்கில்தான் கரையும். மருமகள் என்ற முறையில் உங்களுக்கு நேரடியாக ஒன்றும் வராது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் குடும்பத்தோடு வாழும் வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. அது தங்கும் உரிமை மட்டுமே, சொத்துரிமை ஆகாது.

யாரையும் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் இருக்கும் குடும்பத்தில்தான் எழுதிவைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு மனக்கசப்பு வருவதும் அதனால்தான். மாடி தேவை என்றால் மாமனார் முதலில் மேலே மாடி கட்டும் உரிமையை, நிலத்தில் பிரிபடாத பங்கோடு, உங்கள் கணவருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்யட்டும். தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை விற்பனைப் பத்திரத்துக்கு ஆவதைவிட மிகக் குறைவு. பிறகு கணவர் தம் தொழில் வருமானத்தைக் காட்டி வங்கிக் கடன் வாங்கிக் கட்டட்டும். உங்கள் பங்கு அவசியம் என்றால் வங்கி மூலமாகக் கணவர் கணக்குக்கு அனுப்பி, கடன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நகையைத் தொடவே வேண்டாம். அது சீதனம்; உங்களுக்கு மட்டுமே உரியது. இந்தப் பேச்சை மாமனாரிடம் எடுக்க வேண்டியவர் உங்கள் கணவர். புதிதாக வந்த மருமகள் வாயிலிருந்து அது வரக் கூடாது.

பி.எஃப். கணக்கில் வேறொரு நட்டமும் ஒளிந்திருக்கிறது. 5 ஆண்டு தாண்டிவிட்டதால் எடுத்தால் வரி இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் மொத்தத்தையும் முடிக்கும்போது ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் இதுவரையிலான பணிக்காலக் கணக்கு அழிந்துபோகும். மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி வேண்டும். நீங்கள் பாதிக்கு மேல் கடந்திருக்கிறீர்கள். பணத்தை அப்படியே விட்டுவையுங்கள். ராஜபாளையத்திலோ மதுரையிலோ நாளை வேறு வேலையில் சேர்ந்தால் வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணான அதே யூ.ஏ.என்.-இல் கணக்கு தொடரும். 2024-25இல் அதற்கு வட்டி 8.25 சதவீதம், இந்த அளவு வட்டியைச் சாதாரண வங்கி வைப்பில் எதிர்பார்க்க முடியாது.

நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் கழிக்காதீர்கள். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கணக்கிடும்போது கடைசி ஆண்டில் 6 மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்வார்கள். இன்றே கிளம்பினால் உங்களுக்கு 6 ஆண்டுதான். 3 மாதமும் வேலை பார்த்தால் 6 ஆண்டு 7 மாதம், அதாவது கணக்கில் 7 ஆண்டு. 30,000 ரூபாயை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 17,307 ரூபாய். 7 ஆண்டுக்கு ஏறக்குறைய 1,21,150. ஆக, நோட்டீஸ் பணமும் மிச்சம், மேற்கொண்டு 17,000 ரூபாயும் வரவு.

அந்த 3 மாதத்துக்கும் முன்னால், ராஜினாமாக் கடிதமே கொடுக்காமல், வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேளுங்கள். கணக்குப் பிரிவு வேலையில் பெரும்பகுதியை எங்கிருந்தும் செய்யலாம். முழுமையாகத் தர மறுத்தால், மாதத்தில் சில நாள் அலுவலகம் வருவதாகக் கேட்டுப் பாருங்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் குழந்தைப்பேறு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும். வேலையை விட்ட பிறகு கருத்தரித்தால் அது இல்லை. நிறுவனத்தின் குழுக் காப்பீடும் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். தனியாக எடுக்கும் பாலிசிகளில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; பலவற்றில் அது ஆண்டுக்கணக்கில் நீளும். எனவே குழந்தை எப்போது என்பதைக் கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசிய பிறகே ராஜினாமாத் தேதி. அந்தப் பேச்சில் மூன்றாவது ஆள் வேண்டாம். விடுவதுதான் முடிவு என்றால், குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற, வேலையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். இதுவரை கழித்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வேலையை விட்டபின் தறிக்கூடத்தின் கணக்கை நீங்களே பார்ப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். செய்யுங்கள், ஆனால் சும்மா செய்யாதீர்கள். ஜி.எஸ்.டி. தாக்கல், நூல் வாங்கிய பாக்கி, தறிக்காரர் கூலி என்று நாள் முழுக்க உழைத்துவிட்டு, கைச்செலவுக்குக் கணவரிடம் கேட்கும் நிலை வேண்டாம். கணவரின் தனிநபர் தொழிலிலிருந்து மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால், தொழில் தகுதியின் அடிப்படையில் ஈட்டியது என்று காட்ட இயலாதபோது, வருமான வரித் துறை அதைக் கணவர் வருமானத்தோடு சேர்த்துவிடும். தொழிலைக் கூட்டு நிறுவனமாக மாற்றிப் பங்குதாரராகச் சேர்வது இன்னொரு வழி. அதில் தொழிலின் கடனுக்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள் என்பதால், கையெழுத்துக்கு முன் மூன்று ஆண்டு வரவு செலவை நீங்களே புரட்டிப் பாருங்கள். கணக்குப் படித்தவருக்கு அது ஒரு நாள் வேலை. எந்த வழியானாலும் மாதாமாதம் பணம் வருவது உங்கள் தனி வங்கிக் கணக்குக்கு.

சென்னையில் வாடகை வீட்டில் இருந்தால், கொடுத்த அட்வான்ஸைத் திரும்பப் பெற வாடகை ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்களா என்பது அதில் இருக்கும். அறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். பெற்றோர் ரேஷன் அட்டையில் பெயரை நீக்கிய பிறகே கணவர் அட்டையில் சேர்க்க முடியும். வாக்காளர் முகவரிக்குப் படிவம் 8. இவையெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் செய்யலாம். ஆனால் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, பணிக்கொடை விண்ணப்பத்தின் ஒப்புதல் நகல் ஆகியவற்றை அலுவலகத்தின் கடைசி நாளன்றே கையில் வாங்கிவிடுங்கள். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்பதையும் சில வாரம் கழித்து இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.