ஒப்பீட்டுக் கருவிக்குத் தெரியாத கட்டளை

கேள்வி: தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றிய என் ஆய்வேட்டை லாடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதி வருகிறேன். ஒவ்வோர் அணையின் பெயரும் குறிப்பும் ஒரே அமைப்பில் வருவதற்காக ‘அணை’ என்றொரு கட்டளையை நானே வரையறுத்துக்கொண்டேன். பழைய பிரதியையும் திருத்திய பிரதியையும் இரு பிரதிகளின் வேறுபாட்டைக் குறியிட்டுக் காட்டும் லாடெக்டிஃப் (latexdiff) கருவி கொண்டு ஒப்பிட்டால், மற்ற பத்திகளின் திருத்தங்கள் தெரிகின்றன. அந்தக் கட்டளைக்குள் செய்தவை மட்டும் குறியின்றி வருகின்றன. நெறியாளர் என்ன மாற்றினாய் என்று கேட்கிறார்.
– ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பிழை உங்கள் வரையறையில் இல்லை. லாடெக்டிஃப் ஆவணத்தை அச்சுக்கோக்காமல் வெறும் எழுத்தாக வாசிக்கும், பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். நீங்கள் ஆவணத்தின் முகப்பில் எழுதிய வரையறையை அது விரித்துப் பார்ப்பதில்லை. தனக்குத் தெரிந்த கட்டளைப் பட்டியலில் இல்லாத எதையும், குறியிட்டால் ஆவணம் உடைந்துவிடுமோ என்றஞ்சி ஒதுக்கிவிடும். அதனால், நதியுண்ணி அணைக்கு நீங்கள் புதிதாக எழுதிய குறிப்பு நீல அலைக்கோடு இல்லாமல் அச்சாகிறது; பழைய குறிப்போ சிவப்புக் கோட்டால் அடிபடுவதற்குப் பதிலாக, விழுக்காட்டுக் குறியிட்ட, அச்சில் வராத வரிகளாக வெளியீட்டுக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. அந்தக் கோப்பை ஓர் உரைத்தொகுப்பியில் திறந்தால், காணாமற்போன வாக்கியம் அங்கே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

கருவியை ஓட்டும்போது ‘அப்பெண்ட்-டெக்ஸ்ட்சிஎம்டி’ (--append-textcmd) என்ற விருப்பத்தைச் சேர்த்து, அதற்கு மதிப்பாக உங்கள் கட்டளையின் பெயரைப் பின்சாய்கோடு இல்லாமல் கொடுங்கள். அதன்பின் அடைப்புக்குள் இருப்பதை ஓடும் உரையாகக் கருதிச் சொல் சொல்லாக ஒப்பிடும். அலகு, சுருக்கப்பெயர் போன்ற சிறிய கட்டளைகளுக்கு ‘அப்பெண்ட்-சேஃப்சிஎம்டி’ (--append-safecmd) போதும்; அவற்றைக் குறியிடுவதில் ஆபத்தில்லை என்று அது கருவிக்குச் சொல்லும். ஆனால் பத்தி பிரிக்கிற, அட்டவணை போடுகிற கட்டளையை அதில் சேர்த்துவிடாதீர்கள், அடிக்கோடு பத்தியைத் தாண்ட இயலாமல் தொகுப்பு நின்றுவிடும். முழு ஆய்வேட்டில் சோதிப்பதைவிட, ஒரே ஒரு ‘அணை’ உள்ள இரண்டு சிறு கோப்புகளில் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முதலில் சொன்ன டெக்ஸ்ட்சிஎம்டி விருப்பம் கட்டளையின் கடைசி அடைப்பை மட்டுமே உரையாக எடுத்துக்கொள்ளும். உங்கள் கட்டளையில் பெயர் முதல் அடைப்பிலும் குறிப்பு இரண்டாவதிலும் இருந்தால், குறிப்பின் திருத்தங்கள் தெரியும். அரியநாயகிபுரம் என்ற அணைப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் அது தெரியாது. அத்தகைய பெயர்த் திருத்தங்களை நெறியாளருக்குத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.