கடைக்காரரின் கணக்கில் திறக்கப்பட்ட டேப்லெட்டை என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பேரனோடு வீடியோவில் பேசவும், செய்தித்தாள் படிக்கவும், யூடியூபில் படுகப் பாடல்கள் கேட்கவும் மகன் பணம் அனுப்ப, உள்ளூர்க் கடை ஒன்றில் ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கினேன். கடையிலிருந்த தம்பியே உறை, கண்ணாடி, செயலிகள் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். இப்போது பிளே ஸ்டோரில் யாருடைய பெயரோ வருகிறது; யூடியூபைத் திறந்தால் நான் தேடாத லாரி வீடியோக்கள் வரிசையாக நிற்கின்றன. சார்ஜ் அரை நாள்கூட நிற்பதில்லை. ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதுபோல ஆக்கித் தர 800 ரூபாய் ஆகும், இந்தக் குளிருக்குப் பவர் பேங்கும் வேண்டும் என்கிறார் கடைக்காரர். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் நாமே ரீசெட் செய்துவிடலாம் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். செய்யலாமா?

பதில்: பட்டன்களை அழுத்தி மட்டும் செய்யாதீர்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், திருடுபோன கருவியைத் திருடன் பயன்படுத்த முடியாதபடி ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பட்டன் வழியாக அழித்தால், அதில் கடைசியாக இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய திரைப்பூட்டு எண்ணையோ கேட்டுக்கொண்டே நிற்கும். கொடுக்காவிட்டால் உள்ளே விடாது. உங்கள் டேப்லெட்டில் இருப்பது கடைக்காரரின் கணக்கு என்பதால், அந்தப் பூட்டின் கண்ணுக்கு உரிமையாளர் அவர், திருடர் நீங்கள். பிறகு அவரிடமே போய் நிற்க வேண்டும். பூட்டைப் போட்டவரே அதைத் திறக்க இன்னும் ஒரு தொகை கேட்பார். இதை ஒரு வருமான வழியாகவே வைத்திருக்கும் கடைகள் உண்டு.

லாரி வீடியோக்களைப் பார்த்தால், அந்த ஒரே கணக்கைப் பல வாடிக்கையாளர்களின் கருவிகளிலும் போட்டு வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் நீங்கள் எடுத்த படங்கள், சேமித்த தொலைபேசி எண்கள் எல்லாம் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. தொலைந்த கருவியைக் கண்டறியும் வசதியைக் கொண்டு, கடையில் உட்கார்ந்தபடியே உங்கள் டேப்லெட்டை அவரால் பூட்டவும் அழிக்கவும் முடியும். அவர் செய்வார் என்று நான் சொல்லவில்லை. செய்யக்கூடிய நிலையில் அவரை வைத்திருப்பது சரியல்ல.

ஆகவே வரிசை இதுதான். முதலில் உங்கள் படங்களை ஒரு பென்டிரைவிலோ கைப்பேசியிலோ படியெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அவருடைய கணக்கு உள்ளே இருக்கும்போதே கூகுள் போட்டோஸைத் திறந்து, உங்கள் படங்களை அழித்துவிட்டு, அங்குள்ள குப்பைத்தொட்டியிலிருந்தும் அவற்றை நீக்குங்கள்; இல்லையென்றால் கூகுளின் இணையச் சேமிப்பில் ஏறிய படங்கள் அங்கே 60 நாள் இருக்கும், அதற்குள் அவர் மீட்டெடுக்கலாம். பிறர் வீட்டுக் கல்யாணப் படங்கள் கண்ணில் பட்டால் அவற்றைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் கணக்குகள் என்ற பகுதிக்குச் சென்று அந்தக் கூகுள் கணக்கை அகற்றுங்கள். சில நிறுவனங்களின் கருவிகளில் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இன்னொரு கணக்கு இருக்கும். அதையும் அகற்ற வேண்டும். இவை முடிந்த பின்னரே, செட்டிங்ஸ் வழியாகவே ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். திரைப்பூட்டு எண்ணோ கடவுச்சொல்லோ கேட்டால், அதைக் கடைக்காரரே உங்கள் முன்னால் அடித்துத் தர வேண்டும். அதற்குப் பணம் கேட்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. இதில் 800 ரூபாய்க்கான வேலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் முழுப் பணம் அனுப்பியிருந்தாலும், கடைக்காரர் அதைத் தவணையில் வாங்கியதாகக் காட்டியிருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவணைக் கடனில் வாங்கிய கருவிகளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பூட்டுச் செயலி இருப்பதுண்டு. தவணை தவறினால் திரையையே முடக்குவதற்காக வைக்கப்படுவது அது. அத்தகைய செயலி சாதாரணச் செயலிபோல நீங்காது, ரீசெட் செய்தாலும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். டேப்லெட்டைத் திறக்கும்போது பூட்டுத் திரையிலோ அறிவிப்பிலோ இந்தக் கருவி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ரீசெட்டைத் தள்ளி வையுங்கள். உங்கள் பெயரில், உங்கள் ஆதாரைக் கொண்டு, நீங்கள் அறியாத கடன் எடுக்கப்பட்டிருந்தால், அது டேப்லெட் பிரச்சினையே அல்ல, காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய பிரச்சினை. நீங்கள் அறிந்தே எடுத்த கடன் என்றால், கடைசித் தவணை முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழையும் பூட்டை நீக்கியதற்கான உறுதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பூட்டை நீக்க மறந்துவிடுவார்கள். தவணை இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

பில் இருக்கிறதா? வரிசை எண் குறிப்பிட்ட பில் இல்லாமல், டேப்லெட்டைத் தயாரித்த எந்த நிறுவனமும் நான் முதலில் சொன்ன கூகுள் கணக்குப் பூட்டை எளிதில் நீக்கித் தராது. பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி கூடுதலாகும் என்று சொல்வது பழைய தந்திரம். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடங்கியே இருக்கின்றன. நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாலோ, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். மேட்டுப்பாளையம் இறங்கி, பேருந்து மாறி, டோக்கன் வாங்கி, மலையேறித் திரும்ப ஒரு நாள் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. டேப்லெட்டை மலையில் விற்கத் தெரிந்தவர்களுக்கு, பழுது பார்க்க மட்டும் மலை தூரமாகிவிடுகிறது. கடைக்காரர் பில் தரவோ கணக்கை அகற்றவோ மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

சார்ஜ் தீர்வதற்குக் குளிரைக் குறை சொல்வது வசதியான பதில். லித்தியம் பேட்டரி குளிரில் சற்றுக் குறைவாகத்தான் உழைக்கும், சூடு வந்ததும் பழையபடி ஆகிவிடும்; ஆனால் வீட்டுக்குள் இருக்கும் டேப்லெட் அரை நாளில் ஓய்ந்துபோக அந்தக் குளிர் போதாது. அவர் போட்டுக் கொடுத்த ‘கிளீனர்’, ‘பேட்டரி சேவர்’ போன்ற செயலிகள் பின்னணியில் ஓடி விளம்பரம் காட்டிக்கொண்டிருப்பதே காரணமாக இருக்கலாம், ரீசெட்டுக்குப் பின் நிலைமை மாறுகிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு பவர் பேங்கைப் பற்றி யோசிக்கலாம். மழையில் மரம் விழுந்து நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் போகும் ஊர் என்றால் அது தேவைதான்; குளிருக்காக வேண்டாம். சார்ஜரோ பவர் பேங்கோ வாங்கினால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பனிமூட்டத்தில் வெளியே எடுத்துச் சென்று வந்த டேப்லெட்டைச் சார்ஜ் துளை காய்ந்த பிறகு மின்சாரத்தில் இணைக்க வேண்டும். அதற்காக அடுப்பருகே வைத்து உலர்த்த வேண்டாம். 

ரீசெட் முடிந்து டேப்லெட் மீண்டும் திறக்கும்போது முதல் திரையிலேயே மொழியைத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம். கூகுள் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துத் தொடங்குங்கள். ஓடிபி உங்கள் கைக்கே வர வேண்டும், உதவி செய்பவரின் எண்ணுக்கு அல்ல. கடவுச்சொல்லை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதக் கூடாது என்று மிரட்டுபவர்கள் நம் வயதில் ஞாபகம் வைத்துப் பார்க்கட்டும். செய்தித்தாள் செயலி, யூடியூப், தமிழ்த் தட்டச்சுக்கு ஜிபோர்டு ஆகியவற்றைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் செயலியை, நிறுவாதீர்கள். உங்கள் திரையைத் தன் கணினியில் பார்க்க உதவும் செயலியைப் போடச் சொல்லி யார் அழைத்தாலும் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் புதிதாகப் பதியாமல், கைப்பேசியில் இருப்பதோடு இணைக்கப்பட்ட கருவியாகச் சேருங்கள். கைப்பேசியில் வாட்ஸ்அப்பை 14 நாளுக்கு ஒருமுறையாவது திறக்க வேண்டும், இல்லையென்றால் டேப்லெட்டில் இணைப்பு அறுந்து, மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.