ஆண் நாய் வீட்டுக்குள் காலைத் தூக்குகிறதா? முதலில் வண்டி டயரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். நாய்க்கு ஒன்றரை வயது, ஆண், நாட்டு நாய்க் கலப்பு. காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போகிறோம், எல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் வருகிறான். ஆனால் மூன்று மாதமாக வீட்டுக்குள்ளும் சோபா கால், திரைச்சீலை, ராத்திரி ஹாலில் ஏற்றி நிறுத்தும் ஸ்கூட்டர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விட்டு வைக்கிறான். பினாயில் ஊற்றிக் கழுவினாலும் அதே இடத்துக்கே போகிறான். அடித்தும் பார்த்தாயிற்று. என்ன செய்வது?

பதில்: அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அடி வாங்கிய நாய் நிறுத்துவதில்லை, நீங்கள் பார்க்காத நேரத்தில் போகக் கற்றுக்கொள்கிறது. பயம் கூடினால் இந்தப் பழக்கமும் கூடும்.

வயிறு முட்டி அடக்க முடியாமல் போகும் நாய் ஒரே இடத்தில் நிறைய விடும். உங்கள் நாய் நிமிர்ந்து நிற்கும் பொருளாகப் பார்த்து, சில சொட்டு மட்டும் விடுகிறான். இது தன் வாசனையைப் பதித்து வைப்பது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், பருவம் வரும்போது பெரும்பாலும் தொடங்கும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஸ்கூட்டர்தான். பகலில் அது கடைத்தெருவில் எங்காவது நிற்கும். தெரு நாய்கள் அதன் டயரில் காலைத் தூக்கும். அந்த வாசனையை ராத்திரி நீங்களே ஹாலுக்குள் உருட்டி வருகிறீர்கள். மூக்காலேயே உலகத்தை அறிகிற பிராணிக்கு, முன்பின் தெரியாத நாலு நாய் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி அது. வண்டியை வெளியே நிறுத்த வழியிருந்தால் நிறுத்துங்கள். முடியாவிட்டால் வாசலிலேயே இரண்டு டயரையும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு ஏற்றுங்கள். செருப்பு வெளியிலேயே இருக்கட்டும். கேட்டின் அடிப்பகுதியையும் கழுவுங்கள். கம்பிக் கதவு வழியாகத் தெரு நாய்களைப் பார்த்துக் குரைக்கிறான் என்றால், அவன் கண் உயரத்துக்குத் தகடோ பலகையோ அடித்து மறையுங்கள்.

அடுத்தது பினாயில். அது நம் மூக்கைத்தான் ஏமாற்றுகிறது. சிறுநீரின் வாடை துணியிலும் மரத்திலும் தங்கிவிடும், நாய்க்கு அது தெரியும். கடலோரக் காற்றின் ஈரத்தில் பழைய வாடை மறுபடி கிளம்பும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை (வாடையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) கறை நனையும்படி ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டுத் துடையுங்கள். இதில் அவசரம் கூடாது. பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறான், இரத்தம் கலந்திருக்கிறது, அடிக்கடி தண்ணீர் குடிக்கிறான் என்றால் இது வேறு கதை. தொற்றோ சிறுநீர்க் கல்லோ இருக்கலாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உங்களுக்குக் குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான்.

கருத்தடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விரை நீக்க அறுவை செய்த ஆண் நாய்களில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம் நன்றாகக் குறைகிறது. ஆனால் மறுநாளே குறையாது, சில வாரம் ஆகும். நீங்கள் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து.

அதுவரை வீட்டுக்குள் அவனைக் கண் பார்வையிலேயே வைத்திருங்கள். மோப்பம் பிடித்தபடி சோபாவைச் சுற்றத் தொடங்கினாலே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே கூட்டிப்போங்கள். அங்கே சிறுநீர் போனதும் அந்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை தவறிப்போகும், அப்போதும் குடையோடு ஐந்து நிமிடமாவது இறக்கிவிடுங்கள். விருந்தாளி வரும் நாட்களில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை உதவும். நனைந்ததும் மாற்றுங்கள், ஈரத்தோடு விட்டால் தோல் புண்ணாகும். ராத்திரி கழற்றிவிடுங்கள்.