கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அனுமதி எதற்கு?

கேள்வி: பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கிய வருவாய்த் துறைக்காரர் ஒருவர் எங்கள் பக்கம் கையும் களவுமாகச் சிக்கினார். வழக்கு நடத்த மட்டும் இன்னும் அனுமதி வரவில்லையாம். திருடனைப் பிடிக்கத் திருடன் வீட்டிலேயே அனுமதி கேட்பதா? இந்தச் சட்டத்தைத் தூக்கினால்தான் என்ன?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தூக்கினால் முதலில் மாட்டுவது, கண்மாய்க்குள் பட்டா போட மறுத்த தாசில்தார்தான். மறுநாளே அவர்மேல் ஒரு லஞ்சப் புகார் கிளம்பும். பொய் என்று நிரூபிப்பதற்குள் அந்த மனுஷன் ரிட்டயர் ஆகிவிடுவார். அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் 19-வது பிரிவு இருக்கிறது. ஊழியரைப் பதவியை விட்டு நீக்கும் அதிகாரம் யாருக்கோ, அவர் இசைவு தந்தால்தான் கோர்ட் வழக்கை எடுக்க முடியும்.

பிடிக்க யாரும் அனுமதி கேட்கவில்லை ஐயா. ரசாயனம் தடவிய நோட்டை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைப்பார்கள். தண்ணீர் ரோஸ் கலரானால் அங்கேயே கைது. வண்டி நிற்பது அதற்கப்புறம், இசைவு தர வேண்டியவரின் மேஜைமேல்.

மேஜைக்கும் கெடு உண்டு. 2018 திருத்தப்படி 3 மாதம். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் இன்னொரு மாதம். 2022-ல் உச்ச நீதிமன்றம், கெடு கட்டாயம்தான் என்றது. தாண்டினால் வழக்கு ரத்தாகாது, தாமதித்த அதிகாரியே பொறுப்பு என்றும் சொன்னது. அப்படிப் பதில் சொன்ன அதிகாரி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 218-வது பிரிவில், 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கணக்கு. லஞ்சச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. உங்கள் கோபத்தை அங்கே காட்டுங்கள்.

அவசரக் கையெழுத்தும் ஆபத்துதான். இசைவு தந்தவர் பின்னால் சாட்சிக் கூண்டு ஏற வேண்டியிருக்கும். "கோப்பைப் படித்தீர்களா, டைப் அடித்து வந்ததில் கையெழுத்து மட்டும் போட்டீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார். தகுதியில்லாத அதிகாரி தந்த இசைவு என்றால் விசாரணையே செல்லாது என்று 2015-லேயே தீர்ப்பு இருக்கிறது. முறையாக வாங்கி முதலிலிருந்து வர வேண்டும். அதற்குள் சாட்சிகளில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

இசைவு கேட்டுக் கோப்பு எந்தத் தேதியில் வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போடாதீர்கள்; 2008-ல் வாங்கிய விலக்கைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். மதுரை கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள்.