மாவுக்கட்டு பிரித்த பிறகு

அன்புள்ள ஐயா,

அர்ஜென்டினா டென்னிஸ் வீரர் டெல் போட்ரோ பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல். 2009-இல், 20 வயதில், அமெரிக்க ஓபனை வென்றவர் அவர். அதன்பிறகு அதுபோன்ற பெரிய கிராண்ட்ஸ்லாம் போட்டி ஒன்றைக்கூட வெல்லவில்லை. காயம் எல்லாருக்கும்தான் வருகிறது. 1989-இல் ஆஸ்திரிய வீரர் தாமஸ் முஸ்டர் மீது கார் மோதி முழங்கால் தசைநார்கள் அறுந்துபோயின. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தடித்துப் பழகினார். 1995-இல் பிரெஞ்சு ஓபனை வென்று, அடுத்த வருடம் உலகின் முதல் இடத்துக்கே வந்தார். மனஉறுதி இருந்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? டெல் போட்ரோவிடம் அது குறைவு. அவர்மேல் உள்ள பாசத்தில் நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

இதை எழுதக் காரணம் என் தங்கை. 19 வயது. மாநில அளவில் ஆடியவள். இடது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நடந்து, 14 மாதம் கழித்து இப்போதுதான் மறுபடி ஆடுகிறாள். மூன்று போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோல்வி. இரண்டு வருடம் முன்பு 6-1, 6-2 என்று ஜெயித்த பெண்ணிடம் போன மாதம் தோற்றாள். முஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடும் படத்தை அவளுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. அவள் பழைய ஃபார்முக்குத் திரும்ப நான் என்ன சொல்ல வேண்டும்? அவள் படிக்கிற மாதிரி ஏதாவது புத்தகம் இருக்கிறதா?

பி.கு.: ஃபெடரரா, ஜோக்கோவிச்சா, யார் பெரியவர் என்று நீங்கள் இதுவரை சொன்னதே இல்லை.

ச.,
கோவில்பட்டி

அன்புள்ள ச.,

பின்குறிப்பை விட்டுவிடுவோம். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. புத்தகமும் வேண்டாம். தோற்றுவிட்டு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் பெண்ணிடம் தன்னம்பிக்கைப் புத்தகத்தை நீட்டாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அடிபட்ட கை திரும்பி வருவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பரணை ஒழித்தபோது அப்பாவின் பெரிய கத்தரி கிடைத்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள்மேல் இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மனஉறுதி குறைவு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! 2010 மே மாதம் டெல் போட்ரோவுக்கு வலது மணிக்கட்டில் அறுவை. தரவரிசையில் 485-ஆவது இடத்துக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி முதல் பத்துக்குள் ஏறி வந்தார். லண்டன் ஒலிம்பிக்கில் ஜோக்கோவிச்சை ஜெயித்து வெண்கலம் வாங்கினார். அப்புறம் இடது மணிக்கட்டு. 2014 மார்ச்சில் ஒன்று, 2015 ஜனவரியில் ஒன்று, அதே வருடம் ஜூனில் இன்னொன்று. ஒரே மணிக்கட்டில், 15 மாதத்துக்குள், மூன்று முறை கத்தி பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரிக்க வேண்டும், விரலை மடக்கி நீட்டப் பழக வேண்டும், சின்னப் பிள்ளை மாதிரி ஒரு தம்ளரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது தடவையும் அதை முதலிலிருந்து தொடங்கினாரே, அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? 2016 பிப்ரவரியில் அவர் மறுபடி ஆட வந்தபோது தரவரிசையில் ஆயிரத்துக்கும் அப்பால் இருந்தார்.

முஸ்டரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் பட்ட பாடு பெரிது. ஆனால் தங்கைக்கு அனுப்பினீர்களே அந்தப் படம், அதை நீங்களே இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். காலை நீட்டி வைத்திருக்கிறார். அடிபட்டது கால். கை? கை முழுசாக இருக்கிறது. முஸ்டர் இடது கைக்காரர். அந்த இடது கைக்குத் தன் வேலை மட்டும்தான் தெரியும், வலி தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது பழைய அடியையே அடிக்கும். கால் ஆறி எழுந்து நின்றபோது அந்த அடி அவருக்காகக் காத்திருந்தது. டெல் போட்ரோவுக்குப் போனது கை. உங்கள் தங்கைக்கும் போனது கைதான். கை போனவளுக்குக் கை நன்றாக இருப்பவரின் படத்தை அனுப்பிவிட்டு, ஏன் பதில் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

வலது கைக்காரர் தன் இடப்பக்கம் வரும் பந்தை இரண்டு கையால் அடிக்கும்போது, அதாவது பேக்ஹேண்ட் அடிக்கும்போது, வேலை முக்கால்வாசி இடது கையுடையது. மட்டைப் பிடியில் மேலே இருப்பதும் அந்தக் கைதான், பந்தைத் தள்ளுவதும் அதுதான். பந்து மட்டையில் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. அறுவைச் சிகிச்சை ஆன கை அந்தக் கணத்துக்கு ஒரு துளி முன்னாலேயே இறுகிக்கொள்ளும். நாம் நினைத்து இறுக்குவதில்லை. ஒரு முறை வலித்த இடம் அடுத்த வலிக்கு முன்னாலேயே கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்த ஒரு துளியில் பந்து வலையில் போய் விழுகிறது. பக்கத்தில் நின்று பார்க்கிற நாம் இதைத்தான் ஃபார்ம் இல்லை, மனசு இல்லை என்று சொல்லிவிடுகிறோம்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக். டெல் போட்ரோ 141-ஆவது இடம். முதல் சுற்றிலேயே எதிரில் உலகின் முதல் இடத்தில் இருந்த ஜோக்கோவிச். அன்று காலை வீரர்கள் தங்கியிருந்த இடத்தில் லிஃப்ட் நின்றுபோய், சுமார் 40 நிமிடம் உள்ளேயே மாட்டிக்கொண்டார். அப்புறம் வந்து 7-6, 7-6 என்று ஜெயித்தார். அந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் அவருடைய பேக்ஹேண்டை மட்டும் பாருங்கள். இடது கையை விட்டுவிடுகிறார். வலது கையால் மட்டும், பந்தின் அடியைச் சீவி விடுகிறார். காய்கறிக்காரர் வாழைத்தண்டைச் சீவுகிற மாதிரி ஒரு ஸ்லைஸ். பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு போகிறது. அடுத்த பந்து தன் ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது வலப்பக்கத்துக்கு, வரும்வரை இப்படியே சீவிச் சீவிப் பொறுத்திருக்கிறார். வந்ததும் ஓங்கி ஒன்று. முடிந்ததும் வலையருகே இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஜெயித்தவரும் அழுதார், தோற்றவரும் அழுதார்.

2009-இல் அமெரிக்க ஓபன் அரையிறுதியில் நடாலை 6-2, 6-2, 6-2 என்று நசுக்கிய பையன் இப்படி ஆட மாட்டான். அவனுக்கு இரண்டு பக்கமும் பீரங்கி. ரியோவில் ஆடியவர் ஒரு பக்கம் மட்டும் பீரங்கி வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் காலம் கடத்தக் கற்றுக்கொண்ட வேறொரு ஆள். அந்த வேறொரு ஆள்தான் அங்கே அரையிறுதியில் நடாலையும் ஜெயித்து வெள்ளி வாங்கினார். அதே வருடம் நவம்பரில், குரோஷியாவின் ஜாக்ரெபில் நடந்த, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை இறுதியில், முதல் இரண்டு செட்டும் போன பிறகு அந்நாட்டு வீரர் சிலிச்சை ஜெயித்தார். அதற்குப் பிந்தைய ஆட்டத்தை அவருடைய அணித் தோழர் டெல்போனிஸ் வென்றதும் அர்ஜென்டினாவுக்கு முதல் டேவிஸ் கோப்பை கிடைத்தது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. பழைய ஃபார்ம். அதில் இருக்கும் அந்தப் ‘பழைய’.

என் அப்பா தையல்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்துக்கு எட்டில் ஒரு கடை. பேண்ட், கோட் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். நான் ஏழாவது படிக்கும்போது ஐப்பசி மழையில் சைக்கிளோடு விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தத் தீபாவளிக்குக் கடை திறக்கவில்லை. கட்டைப் பிரித்த அன்று பார்த்தால் அது அப்பாவின் கை மாதிரியே இல்லை. மெலிந்து, வெளுத்து, தோல் செதிள் செதிளாக உரிந்துகொண்டிருந்தது.

அப்பா பேண்ட் துணி வெட்டும்போது அந்தப் பெரிய கத்தரி முழுசாக மூடாது. பாதி மூடிய வாயோடு, மேசையை ஒட்டி, துணிக்குள் வழுக்கிக்கொண்டே போகும். இடுப்பிலிருந்து கால் முனைவரை ஒரே சத்தம். கட்டுப் பிரித்த பிறகு அது நின்று நின்று போனது. கரக், கரக் என்று. துணியின் ஓரம் பல் பல்லாக வந்தது. ஒருவர் கொடுத்த பேண்ட் துணி வீணாகி, அப்பா கைக்காசு போட்டு வேறு வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பழைய செய்தித்தாள்களை மடித்துப் போட்டு வெட்டிப் பழகுவார். தாளின் முனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பெரியப்பா வருவார். “மனசைத் தளர விடாதடா, பழையபடி வந்துரும்” என்பார். அப்பா தலையை ஆட்டுவார். அவருக்கு மனசு தளரவே இல்லை என்பது தாளைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒரு நாள் கேட்டேன். “எப்பப்பா பழைய மாதிரி வெட்டுவீங்க?” அவர் தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். பதில் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீங்கள் தங்கைக்கு அனுப்பிய படமும் அதே கேள்விதான், ச.

பொங்கல் கழிந்ததும் அப்பா பெரிய கத்தரியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். அதில் பாதி நீளத்தில் ஒன்று வாங்கினார். பேண்ட், கோட் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ஜாக்கெட், பாவாடை, சின்னப் பிள்ளைகளின் சீருடை மட்டும். சின்னச் சின்ன வெட்டு, வளைவு வளைவாக. நீள வெட்டுக்கு ஒத்துழைக்காத கை வளைவுக்கு ஒத்துழைத்தது. இரண்டு வருடத்தில், ஜாக்கெட்டுக்குக் கை வெட்டினால் அவர்தான் வெட்ட வேண்டும் என்று ஊரில் பேச்சானது. பேண்ட் வெட்டிய அப்பா கடைசிவரை திரும்பி வரவில்லை. நாங்கள் சாப்பிட்டது ஜாக்கெட் வெட்டிய அப்பா சம்பாதித்த சோறு.

எல்லாருக்கும் இப்படி வேறு வழி திறந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2020-இல் அமெரிக்க ஓபனை வென்ற ஆஸ்திரிய வீரர் டொமினிக் தீமுக்கு அடுத்த வருடமே வலது மணிக்கட்டு போனது. மூன்று வருடத்துக்கு மேல் போராடிவிட்டு, 2024 அக்டோபரில், 31 வயதில், வியன்னாவில் சொந்த மக்கள் முன்னால் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். டெல் போட்ரோவே 2018 ஆகஸ்டில் உலகின் மூன்றாம் இடத்துக்கு வந்து, அமெரிக்க ஓபன் இறுதிவரை போன பிறகு, அக்டோபரில் ஷாங்காயில் விழுந்து வலது முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். 2019 ஜூனில் லண்டனில் அதே சில்லு மறுபடி உடைந்தது. அப்புறம் அறுவைமேல் அறுவை. இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து, 2022 பிப்ரவரியில் புவெனஸ் ஐரிஸில் ஒரு ஆட்டம். எதிரே ஆடியவர் ஜாக்ரெபில் கோப்பையை முடித்துக் கொடுத்த அதே டெல்போனிஸ். 6-1, 6-3 என்று டெல் போட்ரோ தோற்றார். கடைசி கேமில் சர்வ் போட வந்து நின்று அழுதார். முடிந்ததும் நெற்றிப் பட்டையை அவிழ்த்து வலையில் மாட்டிவிட்டுப் போனார். இந்த மனிதரைத்தான் உறுதி குறைந்தவர் என்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றுத் தோல்விகளை எண்ணுவதையும் நிறுத்துங்கள். ஆண்கள் டென்னிஸில் ஆறு மாதத்துக்கு மேல் காயத்தில் இருந்தவருக்குப் பழைய தரவரிசையைக் கொஞ்ச காலம் பாதுகாத்துத் தருகிறார்கள். அதை வைத்துப் போட்டிக்குள் நுழையலாம், ஆனால் சீடிங், அதாவது வலுவானவர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி தரும் வரிசை, கிடைக்காது. புள்ளிகளோ 52 வாரத்தில் உதிர்ந்துவிடும். சீடிங் இல்லாதவருக்கு முதல் சுற்றிலேயே ஜோக்கோவிச் வருவார். தங்கை ஆடும் போட்டிகளிலும் சீடிங் உண்டுதானே? யாரிடம் தோற்றாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. தங்கையின் வயது எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மாதம், எத்தனையாவது சுற்று, இரண்டு வருடம் முந்தைய ஸ்கோர், எல்லாம் இருக்கிறது. அவள் வலது கைக்காரியா, இடது கைக்காரியா என்று எழுதவில்லை. பேக்ஹேண்ட் ஒரு கையிலா, இரண்டு கையிலா என்பதும் இல்லை. அறுவைக்குப் பிறகு ஒரு நாளாவது கோர்ட்டில் நின்று பார்த்தீர்களா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளோடு போங்கள். முஸ்டரும் வேண்டாம், டெல் போட்ரோவும் வேண்டாம், ஒன்றும் பேசாதீர்கள். ஒரு கூடைப் பந்தை எடுத்துக்கொண்டு, வலைக்கு இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொன்றாக அவளுடைய பேக்ஹேண்டுக்கு மெதுவாகப் போடுங்கள். இடுப்பு உயரத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு, தோள் உயரத்துக்கு. எந்த உயரத்தில் அந்தக் கை இறுகுகிறது, எதில் இறுகாமல் விடுகிறது என்று பாருங்கள். கூடை காலியானதும் நீங்களே குனிந்து பொறுக்குங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.