விரல் வெளுக்கிறது: எந்தப் பரிசோதனை?

கேள்வி: குளிர்ந்த நீர் பட்டால் என் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கின்றன. தெர்மோகிராபி (வெப்பப் படம்) எடுக்கச் சொல்கிறார் ஒருவர். சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: முதலில் இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொல்வது ரேனாட் பாதிப்பு; குளிர் பட்டதும் விரலின் சிறு ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்வது. விவரம் கேட்டே அதைக் கண்டுகொள்ளலாம். நிறம் மாறும்போது கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக் காட்டுங்கள். இதற்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு ஏற்றது கேப்பிலரோஸ்கோபி, அதாவது தோலின் நுண் ரத்தக்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை. நகம் தொடங்கும் இடத்துத் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சுமார் 200 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கு 7 அல்லது அதற்கு மேல் நுண்குழாய்கள் ஒழுங்காக வரிசையில் இருந்தால் நல்லது. 50 மைக்ரானுக்கு மேல் வீங்கிய குழாய்கள், ரத்தக்கசிவு, இடையிடையே வெற்றிடம் என்றால் தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவைச் சந்தேகிக்க வேண்டும்; கூடவே, உடல் தன்னையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனையும் தேவை. நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். நகத்தோரத் தோலைக் கடிப்பவர்கள் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அந்தக் காயமே நோய்போலத் தோன்றும். 20 முதல் 25 டிகிரி அறையில் கால் மணி நேரமாவது உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும்.

தெர்மோகிராபி தோலின் வெப்பத்தை மட்டுமே காட்டும். கையைக் குளிர்நீரில் வைத்தெடுத்த பின் விரல் எவ்வளவு மெதுவாகச் சூடேறுகிறது என்பது தெரியும். ஏன் என்பது தெரியாது. சற்றுமுன் புகைத்தது, காபி குடித்தது, அறையின் குளிர் எல்லாமே கணக்கைக் கெடுக்கும். லேசர் டாப்ளர் ரத்த ஓட்டத்தையே அளக்கும், ஆனால் தோலின் மேல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். இரண்டும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு உரியவை.

ஒரு கையில் மட்டும், அல்லது ஓரிரு விரலில் மட்டும் வந்தால் கதை வேறு. அப்போது தமனி அடைப்பைத் தேட வேண்டும். ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடங்கலாம். விரல் தமனி மிகக் குறுகியது, அதனால் உயர் அதிர்வெண் புரோபும் (தோலில் வைக்கும் கருவி) கைதேர்ந்தவரும் அவசியம். கை சில்லிட்டிருந்தால் தமனியின் இறுக்கமே அடைப்பாகத் தோன்றும். முதலில் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சிடி ஆஞ்சியோ மணிக்கட்டு வரை நன்றாகக் காட்டும், விரல் நுனியில் தடுமாறும். குழாய்கள் தெரிய அதற்கு ஏற்றும் சாய மருந்து சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் மிகத் தெளிவு. சிகிச்சை முடிவு அதை நம்பியிருந்தால் மட்டுமே எடுப்பார்கள்.

விரல் நுனி கறுத்தாலோ, புண் வந்தாலோ, திடீரென வெளுத்து வலி நிற்காவிட்டாலோ ஸ்கேனுக்கு நாள் குறிக்காதீர்கள். அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.